விளையாட்டு என்றால் விளையாட்டுதான்

வானொலியில் மணி சொல்வதற்கு முன்னால் "பிப், பிப்" என்று ஒரு ஓசை வருமே, நினைவிருக்கிறதா உங்களுக்கு? குறில் குறிலாக வந்து கடைசியில் ஒரு நெடில். என் மகன் குழந்தையாக இருந்தபோது அந்த நெடிலுக்குக் கை தட்டுவான். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அது வாய் திறக்கிற அதே நேரத்தில் "டப்". அவன் அப்பா முகத்தில் சோப்பு நுரையோடு திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். "இவன் கைக்குள்ள கடிகாரம் வச்சிருக்கான் மங்கை" என்பார். அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. அவர் குரல் கூட இப்போது சரியாக நினைவுக்கு வருவதில்லை. அந்த "டப்" மட்டும் காதிலேயே இருக்கிறது.

மன்னிக்க வேண்டும். யாரோ ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து வானொலியைப் பற்றிப் பேசுகிறாளே என்று பார்க்கிறீர்கள். விற்பனைக்காரரிடம் டிவி கேட்டு நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. "பொண்ணு கம்ப்யூட்டரை மாட்டி கேம் விளையாடுவா, நாங்களும் சீரியல் பாக்கணும், ரொம்ப விலை போகக் கூடாது" என்றீர்களே. அதைக் கேட்டதும் என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவர் கிடங்கில் போய்ப் பார்த்துவிட்டு வர நேரமாகும். என் ரிமோட்டும் அங்கேதான் எங்கேயோ கிடக்கிறதாம். அதுவரை பேசலாம் இல்லையா?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே ஓடுகிற படத்தைப் பார்த்து எதையும் வாங்காதீர்கள். கிளி, அருவி, தேன் சொட்டுகிற ஆப்பிள். எந்த டிவியிலும் கிளி அழகாகத்தான் இருக்கும். உங்கள் பெண்ணையே வரச் சொல்லுங்கள். ஒரு கணினியை மாட்டி, மௌஸை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லுங்கள். அம்பு கையோடு வருகிறதா, கைக்குப் பின்னால் வருகிறதா, அவள் பார்த்துச் சொல்லிவிடுவாள். அவ்வளவுதான் விஷயம். அப்புறம் அறுபதா, நூற்றிருபதா என்று கேளுங்கள். ஒரு நொடிக்கு எத்தனை படம் காட்டும் என்பது அது. நூற்றிருபது கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் குடி முழுகாது. ஆனால் கைக்கும் படத்துக்கும் நடுவே இருக்கிற தாமதம் குறைவாக இருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஐம்பத்தைந்து அங்குலம் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிறவளுக்கு நாற்பத்துமூன்றே அதிகம். பெரியதாக வாங்கினால் டென்னிஸ் பார்க்கிறவள் மாதிரி கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பாள்.

சிரிக்கிறீர்கள். இந்தக் கிழவிக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று. நான் மகளிர் கல்லூரியில் தமிழ் நடத்தினவள். மங்கையர்க்கரசி என்று பெயர். பேச்சும் அதனால் கொஞ்சம் எழுத்து மாதிரிதான் வரும், பழகிவிட்டது. இந்த டிவிக் கல்வி எனக்கு ஒரே ஒரு ஐப்பசியில் வந்தது. பங்குனியில் முடிந்தது.

என் மகன் பெயர் இளம்பரிதி. ஒரே பிள்ளை. பொறியியல் முடித்தான், எல்லோரையும் போல. முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தான், அதுவும் எல்லோரையும் போல. பழைய சாமான்களை வாங்கி வாங்கி அவனே ஒரு கம்ப்யூட்டர் கட்டினான். அதில் துப்பாக்கி விளையாட்டு. ஐந்து பேர் ஒரு அணி, எதிரில் ஐந்து பேர். ஒருத்தன் தூத்துக்குடியில், ஒருத்தன் ஓசூரில், இவன் தஞ்சாவூரில் என் கூடத்தில். எல்லோரும் ஒரே சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சுடுகிறார்களாம்.

"சுட்டுச் சம்பாதிக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா. மிலிட்டரி மாதிரிதான். சாவு மட்டும் கிடையாது" என்றான்.

கேலி என்று நினைத்தேன். நிஜமாகவே பெங்களூரில் ஒரு நிறுவனம் இந்த விளையாட்டுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. சம்பளம், தங்க இடம், எல்லாம் உண்டு. ஐப்பசியிலிருந்து வாரா வாரம் போட்டி வைப்பார்கள். பொங்கலுக்கு முன்னால் ஒரு அணியை எடுத்துக்கொள்வார்கள். இவன் அணி நல்ல நிலையில் இருந்தது. அதுவும் இவனால்தான் என்று அந்தத் தூத்துக்குடிப் பையன் ஜெரோம் என்னிடமே போனில் சொன்னான். "ஆன்ட்டி, பரிதி கை இருக்கே, அது வேற லெவல். நாங்க பாக்கறதுக்குள்ள அவன் சுட்டுடுவான்" என்றான். பெருமையாக இருந்ததா என்று கேட்காதீர்கள். மகன் சுடுவதில் கெட்டிக்காரன் என்று யாராவது சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

என் தம்பி திருஞானம் அரியலூரில் சிமெண்ட் ஆலையில் மேற்பார்வையாளன். "அக்கா, என்கிட்ட அனுப்பு, எங்கயாவது ஒரு இடத்துல உக்கார வைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஆகவே அம்மாவும் பிள்ளையும் ஒரு ஒப்பந்தம் போட்டோம். பொங்கல் வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். தேர்வானால் பெங்களூர். ஆகாவிட்டால் மாமாவோடு அரியலூர், ஒரு வார்த்தை பேசக் கூடாது. என் உள்ளங்கையில் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தான். சிரித்துக்கொண்டே செய்தான். அவ்வளவு நம்பிக்கை.

அந்த நேரம் பார்த்து அவனுடைய கம்ப்யூட்டர் திரை போயிற்று. நடுவில் மழைக் கம்பி மாதிரி கோடு கோடாக விழுந்துவிட்டது. புதிதாக ஒரு சின்னத் திரை வாங்கிக் கொடு என்றான். என் ஓய்வூதியத்தில் அவனுக்கு ஒரு திரை, எனக்கு ஒரு டிவி என்று தனித்தனியாக வாங்க முடியுமா? எங்கள் பழைய டிவியும் அப்போது கண்ணை மூடுகிற நிலைமையில்தான் இருந்தது. ஒரே டிவியாக வாங்குவோம், நீயும் ஆடு, நானும் பார்க்கிறேன் என்றேன். நியாயம்தானே? நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள்.

அவன் ஒத்துக்கொண்டான். சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தான். "அம்மா, நான் அழுத்தின உடனே அவன் சுடணும். நான் அழுத்தி, டிவி யோசிச்சு, அப்பறம் சுட்டா, நான் எப்பவோ செத்திருப்பேன்."

"யோசிச்சுச் செய்யறது நல்லதுதானேடா?"

"டிவி யோசிக்கக் கூடாதும்மா. படத்தை அழகாக்கறேன்னு உக்காந்து பவுடர் போடும். அந்த நேரத்துல என் கதை முடிஞ்சுடும். கேம் மோடுன்னு ஒண்ணு இருக்கும். அதைப் போட்டா பவுடரெல்லாம் போடாது, வந்த படத்தை அப்படியே காட்டும்."

இதே கடைக்குத்தான் வந்தோம். அந்தத் தூணுக்குப் பின்னால் ஒரு டிவியைக் காட்டினான். பார்க்க ஒரு களையும் இல்லை. கறுப்பாக, ஒல்லியாக நின்றது. "இதுதாம்மா. லேக் கம்மி, அழுத்தினா உடனே வரும், பட்ஜெட்டுக்குள்ளயும் இருக்கு" என்றான். அப்போது விற்பனைக்காரர் இந்தப் பக்கம் இன்னொன்றைப் போட்டார். திரையில் "வணக்கம்" என்று வந்தது. தமிழில். பிறகு "அமைப்புகள்", "ஒலி", "படம்", "வலையமைப்பு". எல்லாம் தமிழ். என் கண் கலங்கிவிட்டது. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. வாழ்நாளெல்லாம் "தமிழில் என்ன இருக்கிறது" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டவள் நான். ஒரு எந்திரம் என்னைப் பார்த்து வணக்கம் சொல்கிறது.

"அதுல தமிழ் உண்டா?" என்று தூணைக் காட்டிக் கேட்டேன்.

"இல்லம்மா, இங்கிலீஷ், இந்திதான்" என்றார்.

பரிதி என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. கையில் போனை வைத்துக்கொண்டு அந்தத் தமிழ் டிவியைப் பற்றி எதையெதையோ தேடிப் படித்தான். "சரி, இதுலயும் கேம் மோடு இருக்கு. அதைப் போட்டா ஓரளவு தாங்கும். போடலேன்னா அவ்வளவுதான். உன் இஷ்டம்" என்றான்.

"போட்டுக்கிட்டாப் போச்சு" என்றேன். தகராறு எதுவும் இல்லை. அவனுடைய பழைய திரையையும் மாற்றுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

டிவி வந்த மறுநாள் நான் மதுரைக்கு ஒரு கருத்தரங்குக்குப் போனேன். அங்கிருந்து என் தங்கை வீடு. ஒரு வாரம் இருக்கும். அந்த வாரம் தினமும் போன் வரும்.

"அம்மா, ஜெயிச்சுட்டோம்!"

"சாப்பிட்டியா?"

"மூணு மேட்ச்சும்மா! வரிசையா!"

"தயிர் புளிச்சிருக்கும். மோராக்கிடு."

அவன் மெதுவாக, "ஆக்கிடறேன்" என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாய் அக்கறையாக ஒன்று சொன்னால் குரல் ஏன் அப்படி இறங்குகிறதோ தெரியவில்லை.

நான் திரும்பி வந்த அன்று மாலை எங்கள் துறையில் தலைவராக இருந்த செல்லப்பெருமாள் ஐயா வீட்டுக்கு வந்தார். கருத்தரங்கு எப்படி நடந்தது என்று கேட்டுப்போக. பெரிய அறிஞர். ஆனால் நாக்கில் ஒரு முள் உண்டு. பரிதியை மிக்சர் வாங்க அனுப்பிவிட்டு, "ஐயா, எங்க வீட்டுல டிவிகூடத் தமிழ்தான் பேசும், பாருங்க" என்று ரிமோட்டை அழுத்தினேன்.

Settings என்று வந்தது. Picture. Sound. ஒரு தமிழ் எழுத்து இல்லை.

ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அடடே, உங்க வீட்டுத் தமிழ் நல்லாப் புரியுதே" என்றார். சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர் போனதும் நான் என்ன செய்தேன் என்றால், அந்த டிவியைக் கடையிலிருந்து வந்த முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படித் திருப்பினேன். அதற்கு ஒரு வழி இருக்கிறது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. மறுபடி "வணக்கம்" வந்தது. மொழி, தமிழ். அதோடு விடவில்லை. யாரும் கை வைக்க முடியாதபடி ஒரு எண் போட்டுப் பூட்டினேன்.

பரிதி மிக்சர் பொட்டலத்தோடு நின்றான். "என்னம்மா பண்ணின?"

"என் வீட்டு டிவி எந்த மொழியில பேசணும்னு நான்தான் சொல்லணும்."

"எல்லாத்தையும் அழிச்சுட்டியா? நான் பாத்துப் பாத்து செட் பண்ணி வச்சிருந்தேனேம்மா!"

"அதைத் தமிழ்லயே பண்ணிக்கோ."

அப்படிச் சொன்னது தவறா? சொல்லுங்கள். அவனுக்குத் தமிழ் தெரியாது என்பது வேறு விஷயம். தெரியாது என்றால் பேசுவான், நன்றாகவே பேசுவான். படிக்க வராது. எழுத்துக் கூட்டினால் ஒரு வரிக்கு ஒரு பொழுது ஆகும். பள்ளிக்கூடத்தில் முதலில் இந்தி, பிறகு பிரெஞ்சு. நான்தான் போட்டேன். தமிழில் நூற்றுக்கு நூறு யார் போடுவார்கள்? பிரெஞ்சில் போடுவார்கள். போட்டார்கள். தமிழ்ப் பேராசிரியை பிள்ளைக்குப் பிரெஞ்சா என்று எங்கள் ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். வீட்டில் நான் இருக்கும்போது தமிழுக்கு என்ன குறை என்று அவர்கள் வாயை அடைத்தேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

கோபம் தணிந்து அவனே வந்தான். "சரிம்மா, தமிழாவே இருக்கட்டும். கேம் மோடு மட்டும் போட்டுக் குடு, போதும்."

இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். சின்ன வயதில் அவனுக்குக் கதை படித்துக் காட்டிய மாதிரி இருந்தது. "படப் பயன்முறை. அதுக்குள்ள, இயல்பு, திரைப்படம், துடிப்பு, விளையாட்டு."

"அதான்மா! கேம்னா விளையாட்டுதானே?"

"விளையாட்டுன்னா விளையாட்டுதான்" என்று அழுத்தினேன். திரை பளிச்சென்று ஆயிற்று. அவன் என் தோளில் தலையை வைத்து, "தேங்க்ஸ்மா" என்றான். அவன் என்னை எத்தனையோ விஷயத்தில் மறுத்துப் பேசுவான். அரிசி, மருந்து, அரசியல், எதிலும் நான் சொல்வதை அவன் ஏற்றதில்லை. தமிழ்ச் சொல்லுக்கு நான் பொருள் சொன்னால் மட்டும் மறுபேச்சு கிடையாது.

அதற்குப் பிறகு தோற்க ஆரம்பித்தான்.

முதலில் நான் கவனிக்கவில்லை. போட்டி முடிந்தால் முன்பெல்லாம் கூடத்தில் ஒரு கூச்சல் இருக்கும். அது நின்றுபோயிற்று. எழுந்து போய்ச் சுவரோரம் நிற்பான். விரலை மடக்கி மடக்கிப் பார்ப்பான். ஒரு நாள் வந்து, "அம்மா, டிவி லேட்டாகுது. கேம் மோடு இருக்கான்னு ஒரு தடவை பாரேன்" என்றான். பார்த்தேன். "விளையாட்டு" என்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. இருக்கிறது என்றேன். இன்னொரு நாளும் கேட்டான். அன்றும் பார்த்தேன். அன்றும் இருந்தது. இல்லாததை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

கார்த்திகை முடியும்போது ஒரு சாயங்காலம் நெருங்கி வந்து உட்கார்ந்தான். "அம்மா, அந்த நம்பரைச் சொல்லு. ஒரே ஒரு தடவை இங்கிலீஷ்ல போட்டுப் பாத்துட்டு, அப்படியே திருப்பித் தமிழ்ல வச்சுடறேன். சத்தியமா."

எனக்குச் செல்லப்பெருமாள் ஐயாவின் முகம்தான் வந்தது. "நீ தோக்கறதுக்குத் தமிழைக் குத்தம் சொல்லாதே" என்றேன்.

கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். வகுப்பில் சொல்கிற குரல். அவன் "இல்லம்மா, சொல்லல" என்று எழுந்து போய்விட்டான். பிறகு ஒரு நாளும் அந்த எண்ணைக் கேட்கவில்லை.

மார்கழியில் ஒரு போட்டி. அன்று அவனுடைய ஹெட்போன் கெட்டுப்போயிருந்தது, டிவியிலேயே சத்தம் வைத்திருந்தான். நான் பின்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவன் ஆடுவதை முதல்முறை முழுக்கப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் வருகிறான். இவன் சட்டென்று அழுத்துகிறான், விரல் இறங்குவது எனக்கே தெரிகிறது. ஆனால் திரையில் இவன் விழுந்து கிடக்கிறான். மறுபடி கதவு. மறுபடி விழுந்து கிடக்கிறான்.

ஜெரோம் குரல் வந்தது. "மச்சான், நீ அழுத்தறியா இல்லியா?"

"அழுத்தினேன்டா."

"எப்போ? நாளைக்கா?"

யாரோ சிரித்தார்கள். பரிதியும் சிரித்தான். "சாரிடா. கைதான்... கொஞ்சம் ஸ்லோ ஆயிடுச்சு போல."

"ஐப்பசில இடி மாதிரி இருந்தியேடா. என்னடா ஆச்சு உனக்கு? வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

"இல்லடா. வீட்ல ஒண்ணும் இல்ல."

அந்தப் பையன் சொன்னான், "இந்த வாரம் மட்டும் வேற ஆளைப் போட்டுப் பாக்கறோம் மச்சான். தப்பா எடுத்துக்காத."

"சேச்சே" என்றான் என் மகன்.

டிவியை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்தான். அவனுக்கு அந்த வேலை வராது, தண்டையும் இலையையும் சேர்த்துப் போட்டான். "நான் ஏதோ பெரிய இதுன்னு நெனச்சுட்டேன்மா. அவ்வளவு இல்ல நான்" என்றான். "கை வேகமெல்லாம் சின்ன வயசுல எல்லாருக்கும் இருக்கும்போல. போயிடும்போல."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளைக்குத் தன் அளவு தானாகவே புரிந்துவிட்டது, நான் சொல்லிப் புரிய வைக்க வேண்டியிருக்கவில்லை. எந்தத் தாய்க்குத்தான் நிம்மதியாக இருக்காது?

பொங்கலுக்கு என் தம்பி கரும்போடு வந்தான். காணும் பொங்கலன்று பரிதியை அவனோடு அனுப்பி வைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை, ஒப்பந்தப்படி. கம்ப்யூட்டரைப் பெட்டி கட்டி ஜெரோமுக்கு அனுப்பிவிட்டான். அந்த வாரம் மட்டும் என்று போட்ட ஆள் கடைசி வரை நின்றானாம். அந்த அணியைத்தான் பெங்களூரில் எடுத்துக்கொண்டார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் உங்களைப் பிடித்து உட்கார வைத்திருக்க மாட்டேன்.

பங்குனியில் திருஞானத்தின் மகள் நிறைமதி வந்தாள். இங்கே தேர்வு எழுத, கொஞ்ச நாள் என்னோடு தங்கினாள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண். அவளும் இந்தக் கேம் பைத்தியம்தான், ஆனால் கார் ஓட்டுகிறது. ஒரு மத்தியானம் தன் மடிக்கணினியை டிவியில் மாட்டினாள். இரண்டு முறை வளைவில் மோதினாள். "என்ன அத்தை இது, திருப்பினா ஒரு யுகம் கழிச்சுத் திரும்புது" என்று ரிமோட்டை எடுத்தாள். எண்ணைக் கேட்டாள். அவள் மொழியை மாற்ற மாட்டாள் என்று தெரியும், அதனால் சொன்னேன்.

படித்தாள். நான் படித்த அதே வரிசை. இயல்பு, திரைப்படம், துடிப்பு, விளையாட்டு. அங்கே நின்றாள். பிறகு அதிலிருந்து வெளியே வந்து, கீழே கீழே கீழே போனாள். நான் அந்த அளவுக்கு ஒருநாளும் இறங்கிப் போனதில்லை. அடியில் "மேம்பட்ட அமைப்புகள்" என்று ஒரு இடம். அதற்குள் இன்னொரு "விளையாட்டு". அதற்கு எதிரே "முடக்கப்பட்டது" என்று இருந்தது.

"அத்தை, மேல இருக்கறது கிரிக்கெட் பாக்கறதுக்கான விளையாட்டு. ஸ்போர்ட்ஸ். பந்து வழவழன்னு ஓடணும்னு படத்தை நிறுத்தி வச்சு மெருகு போடும். இருக்கறதுலயே அதுதான் ரொம்ப லேட். கேம் விளையாட்டு இதோ, கீழ இருக்கு. யாரு இந்த மேல் விளையாட்டைப் போட்டு வச்சது?"

கீழே இருந்ததைப் போட்டாள். கார் அவள் விரலோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. நான் பார்த்தேன். அவள் விரல் அசைகிறது, கார் அசைகிறது. நடுவில் ஒன்றும் இல்லை.

சட்டென்று வண்டியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பரிதி அத்தான் இதுலயா ஆடினாங்க? மார்கழி வரைக்கும்?"

"ஆமாம்."

"அத்தானுக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சு என்ன ஆகப்போவுது? வேலையில சேர்ந்துட்டான். கல்யாணத்துக்குப் பாக்கறோம். இப்பப் போய் அவன் மனசைக் கலைக்காதே."

"கைதான் ஸ்லோன்னு அத்தான் அப்பாகிட்ட சொல்லிட்டிருந்தாங்க அத்தை. இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னா..."

"நிறைமதி" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பெண் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தேர்வு முடிகிற வரை டிவியையும் தொடவில்லை. அவள் முகம் ஏன் அப்படி ஆயிற்று என்று எனக்குப் புரியத்தான் இல்லை. அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

நீங்களே சொல்லுங்கள். Sports என்றாலும் விளையாட்டு, game என்றாலும் விளையாட்டு என்று ஒரே சொல்லை இரண்டு இடத்தில் போட்டது யார்? நானா? மொழிபெயர்க்கிறவனுக்குத் தமிழ் தெரிய வேண்டாமா? ஒன்றுக்கு விளையாட்டு என்றால் இன்னொன்றுக்கு ஆடல் என்று போடலாம், ஆட்டம் என்று போடலாம், கேளிக்கை என்றுகூடப் போடலாம். சொல்லுக்கா பஞ்சம் இந்த மொழியில்? நான் அந்த டிவி கம்பெனிக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினேன். வேர்ச்சொல் எல்லாம் காட்டி எழுதினேன். மகனைப் பற்றி எழுதவில்லை, அது எதற்கு? "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரியில் பதில் வந்தது.

இன்றைக்கு ரிமோட்டுக்கு வந்தவள், அந்தக் கம்பெனியின் புது டிவி ஓடுகிறதே என்று அங்கே போய்ப் பார்த்தேன். திருத்திவிட்டார்கள். என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? "கேம் மோட்". தமிழ் எழுத்தில், கூச்சமே இல்லாமல், கேம் மோட். இதற்கா நான் அவ்வளவு எழுதினேன்? அதைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை. அதனால்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன், நீங்களும் மாட்டிக்கொண்டீர்கள்.

அதோ, உங்களைக் கூப்பிடுகிறார். போங்கள். மௌஸை ஆட்டிப் பார்க்காமல் பில் போட விடாதீர்கள்.

மகனா? அரியலூரில்தான் இருக்கிறான். சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடுகிற மேடையில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற வேலை. போன மாதம் நிரந்தரமாக்கிவிட்டார்கள்.